விசையில் கோளாறு, காரணம் மரத்தில்

"முன்னெல்லாம் ரெண்டு கட்டமா இழுக்கும் மாப்பிள்ளே. கொஞ்சம் இழுத்தா ஒரு இடத்துல நிக்கும். அப்புறம் லேசா அழுத்தினா விடும். இப்போ அந்த நிக்கிற இடமே காணோம். தொட்டா விடுது."

பெரிய மாமா தன் வீட்டுத் துப்பாக்கியின் விசையைப் பற்றி இப்படிச் சொன்னது 2024 ஜூனில், பெங்களூர் அல்சூரில் அவர் வீட்டு வராந்தாவில். பெரிய மாமா என்றால் என் மனைவியின் பெரியம்மா வீட்டுக்காரர். மெட்ராஸ் சாப்பர்ஸில் சுபேதாராக இருந்து ஓய்வு பெற்றவர். அந்தப் படைப்பிரிவின் சிப்பாய்களை ராணுவத்தில் எல்லோரும் 'தம்பி' என்றுதான் கூப்பிடுவார்கள். மாமாவுக்கு எழுபத்தாறு வயதாகிறது, பழைய நண்பர்கள் வந்தால் இன்னமும் அவர் தம்பிதான்.

துப்பாக்கி அவருடைய அப்பாவுடையது. அவர் குடகில் ஒரு காபித் தோட்டத்தில் கணக்கு எழுதும் ரைட்டராக இருந்தவர். அறுபதுகளில் காட்டுப்பன்றித் தொல்லைக்காக உரிமம் எடுத்து வாங்கிய 315 போர் ரைபிள் ('போர்' என்பது குழல் துளையின் அளவு). குடகர்களுக்கு ஆயுத உரிமம் எடுப்பதிலிருந்து விலக்கு உண்டு, தமிழ் ரைட்டருக்கு அது கிடையாது. அதனால் அந்த உரிமப் புத்தகம் அறுபது வருடமாக வீட்டில் பத்திரத்தை விடப் பத்திரமாக இருக்கிறது. 1972இல் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் வந்த பிறகு ரைபிளுக்குப் பெரிதாக வேலையில்லை. அலமாரி மூலையில் நின்றது. தேர்தல் வந்தால் கொண்டுபோய் ஒப்படைப்பார்கள், முடிந்ததும் திரும்ப வாங்குவார்கள். அந்த ஏப்ரலில் மக்களவைத் தேர்தலுக்காக ஒப்படைத்துத் திரும்பி வந்தபோதுதான் மாமா விசையை இழுத்துப் பார்த்திருக்கிறார். கூடவே குழலைத் தாங்கும் முன்கட்டை லொடலொடவென்று ஆடியது. ஒப்படைத்த இடத்தில் யாரோ கீழே போட்டுவிட்டார்கள் என்பது அவர் கட்சி. எனக்கு அப்படித் தோன்றவில்லை. புது அடி எதுவும் மரத்தில் தெரியவில்லை.

என்னிடம் வரக் காரணம், நான் மரக்காரன். ஒரு பொதுத்துறை ஆலையின் ஃபவுண்டரியில் முப்பத்திரண்டு வருடம் பேட்டர்ன் ஷாப்பில் வேலை பார்த்தவன். இரும்பை வார்ப்பதற்கு முன்னால் அதே உருவத்தை மரத்தில் செய்ய வேண்டும், அதுதான் பேட்டர்ன். அரை மில்லிமீட்டர் பிசகினாலும் மேஸ்திரி திருப்பி அனுப்பிவிடுவார். துப்பாக்கியைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது என்று மாமாவிடம் முதலிலேயே சொல்லிவிட்டேன். "முன்கட்டை மரம்தானே?" என்றார்.

வீட்டில் உட்கார்ந்து செய்யும் வேலை இல்லை இது. ஆயுதச் சட்டத்தின் 5ஆவது பிரிவில் தயாரிப்பு, விற்பனையோடு மாற்றியமைப்பதும் பழுதுபார்ப்பதும் வருகிறது. உரிமம் உள்ளவர்தான் செய்யலாம். அதனால் சிவாஜிநகர் பக்கம் உரிமம் உள்ள ஒரு பழைய துப்பாக்கிக் கடையில், அவர்கள் பதிவேட்டில் வரவு வைத்து, கடையின் பின்கட்டில் இருந்த பெஞ்சிலேயே எல்லா வேலையும் நடந்தது. கடைக்காரர் ஒரு பாய், எழுபதைத் தாண்டியவர். இரும்பைத் தொடுவது அவர், மரத்தைத் தொடுவது நான். ஆறு சனிக்கிழமை ஆனது.

முதல் சனிக்கிழமை பாய் குண்டை உள்ளே தள்ளி அடைக்கும் போல்ட்டைக் கழற்றினார், குண்டுகளை அடுக்கி வைக்கும் மேகசினைக் கழற்றினார், குழலுக்குள் வெளிச்சம் விட்டுப் பார்த்தார். காலி. அதன் பிறகுதான் என்னைக் கிட்டே வர விட்டார். விசையை இழுத்துப் பார்த்துவிட்டு அவர் சொன்னது எனக்கு அப்போது விளங்கவில்லை: "இது ஸ்பிரிங் இல்லே அண்ணே. கட்டை உக்காந்துடுச்சு."

இந்த ரைபிளின் பூர்வீகத்தைச் சொன்னால்தான் அவர் சொன்னது புரியும். கொல்கத்தா பக்கத்தில் இஷாப்பூரில் இருக்கும் ரைபிள் தொழிற்சாலை, பிரிட்டிஷ் காலத்திலிருந்து ராணுவத்துக்கு லீ-என்ஃபீல்டு செய்த இடம். நம் போலீஸ்காரர்கள் தோளில் நாம் சின்ன வயதிலிருந்து பார்த்த அந்த 'த்ரீ நாட் த்ரீ' அதுதான். அந்த ராணுவத் துப்பாக்கியின் ஆக்ஷனை, அதாவது குண்டைப் பூட்டிச் சுடும் இரும்புப் பகுதியை, அப்படியே எடுத்து, மூக்கு வரை போர்த்தியிருந்த மரத்தைப் பாதியாகக் குறைத்து, பத்து ரவுண்டு மேகசினை ஐந்தாக்கி, குழலை மட்டும் வேறு குண்டுக்குச் செய்தால் 315 ஸ்போர்ட்டிங் ரைபிள். 303 ராணுவக் குண்டு என்பதால் பொதுமக்கள் கையில் அது இருக்கக் கூடாது என்பது வெள்ளைக்காரன் காலத்துக் கவலை. படையிலிருந்து திருடிய குண்டு வெளியில் இருக்கும் துப்பாக்கியில் வேலை செய்யக் கூடாது. இன்றைக்கும் சாதாரண உரிமத்தில் 303 கிடையாது. ஆனால் அதற்குப் பதிலாக எடுத்துக்கொண்ட 315 குண்டு எது தெரியுமா? ஆஸ்திரியா-ஹங்கேரி ராணுவத்தின் மான்லிக்கர் ரைபிளுக்காகச் செய்த 8 மில்லிமீட்டர் குண்டு. ஒரு பேரரசின் படைக்குண்டு இன்னொரு பேரரசின் காட்டுப்பன்றிக் குண்டாகிவிட்டது. இதே கவலையில்தான் சிறைக்காவலர்களுக்கும் போலீஸுக்கும் பழைய 303களையே 410 போர் மஸ்கெட்டாக, ஒரு நேரத்தில் ஒரே ரவுண்டு போடும்படி மாற்றிக் கொடுத்தார்கள்.

ஆக, வெளிநாடுகளில் ஆளாளுக்கு வீட்டு ஷெட்டில் செய்த காரியத்தை இங்கே அரசுத் தொழிற்சாலையே செய்து விற்றது. இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் ராணுவ ரைபிள்கள் மலிவு விலையில் குவிந்தன. மவுசர் 98, ஸ்பிரிங்ஃபீல்டு 1903, லீ-என்ஃபீல்டு எல்லாம். அமெரிக்காவில் 1968இல் சட்டம் வரும் வரை தபாலில் பணம் அனுப்பினால் ரைபிள் வீட்டுக்கு வரும். மான் வேட்டைக்குப் போகிறவன் அதை வாங்கி, கனத்தைக் குறைக்க முன்மரத்தை ரம்பத்தால் அறுத்து, பழைய குறிமுள்ளைக் கழற்றி, தொலைநோக்கி பொருத்திக்கொள்வான். பர்மிங்ஹாமில் பார்க்கர்-ஹேல் என்ற கம்பெனி இதையே தொழிலாகச் செய்தது. அமெரிக்க 1917 என்ஃபீல்டில் பின் குறிமுள்ளுக்குக் காவலாக இரண்டு பக்கமும் காது மாதிரி உயர்ந்து நிற்கும் இரும்பை மில்லிங் மெஷினில் சீவித் தள்ளுவது ஒரு தனி வேலையாகவே இருந்தது. அன்றைக்கு அறுக்காமல் விட்டதைத்தான் இன்றைக்குச் சேகரிப்பவர்கள் அதிக விலை கொடுத்துத் தேடுகிறார்கள்.

அறுத்தவர்களில் பலருக்கு ஒரு விஷயம் பிறகுதான் தெரிந்தது. லீ-என்ஃபீல்டின் பழைய மாடலில் முன்மரம் வெறும் போர்வை இல்லை. மூக்குக்குப் பக்கத்தில் மரத்துக்குள் ஒரு சின்ன ஸ்பிரிங்கும் முளையும் குழலைக் கீழிருந்து மேலே தாங்கும். நடுவில் ஒரு வளையம் ஸ்பிரிங்கோடு கீழே இழுத்துப் பிடிக்கும். ஒவ்வொரு முறையும் குழல் ஒரே மாதிரி அதிர இந்த ஏற்பாடு. ரம்பம் வைத்தால் அது மொத்தமும் போய்விடும். அழகாக, லேசாக இருக்கும் துப்பாக்கி, சூடேறியதும் குண்டை இடம் மாற்றிப் போட ஆரம்பிக்கும். மவுசர் ஒரே கட்டை, ஓரளவு தாங்கும். லீ-என்ஃபீல்டு இரண்டு கட்டை: தோளில் வைக்கும் பின்கட்டை தனி, குழலைத் தாங்கும் முன்கட்டை தனி, நடுவில் இரும்பு. முன்கட்டை இரும்போடு எப்படி உட்கார்ந்திருக்கிறது என்பதில்தான் அதன் குணமே இருக்கிறது.

விசைக்கு வருகிறேன். இந்த மாடலில் விசை தொங்குவது டிரிகர் கார்டில், அதாவது விசையைச் சுற்றி வளைந்திருக்கும் காவல் இரும்பில். டிரிகர் கார்டு முன்கட்டையின் அடியில் இருக்கிறது. விசை தட்டிவிட வேண்டிய சியர், அதாவது சுடும் ஊசியைப் பிடித்து வைத்திருக்கும் கொக்கி, மேலே ஆக்ஷனில் இருக்கிறது. இரண்டுக்கும் நடுவில் மரம். மரம் நசுங்கினால் டிரிகர் கார்டு மேலே ஏறும், விசை சியருக்கு நெருங்கிப் போகும், முதல் கட்ட இழுப்பு காணாமல் போகும். பாய் சொன்ன 'கட்டை உக்காந்துடுச்சு' இதுதான். பிற்காலத்தில் இங்கிலாந்தில் இந்தக் குறைக்காகவே விசையை ஆக்ஷனில் தொங்கவிட்டார்கள். மரத்தின் மேல் நம்பிக்கை வைப்பதை நிறுத்திவிட்டார்கள் என்றும் சொல்லலாம். பேட்டர்ன்காரனாக எனக்கு அது கொஞ்சம் வருத்தம்தான்.

சரி, மரம் ஏன் நசுங்கியது? கழற்றியதும் தெரிந்தது. டிரிகர் கார்டின் முன் திருகு கீழிருந்து முன்கட்டை வழியாக மேலே ஆக்ஷனில் போய் ஏறுகிறது. மரத்தின் துளைக்குள் அந்தத் திருகைச் சுற்றி ஒரு இரும்புக் குழாய் இருக்க வேண்டும். சுண்டுவிரல் நகத்தளவு சமாச்சாரம். புஷ் என்போம். திருகை எவ்வளவு முறுக்கினாலும் டிரிகர் கார்டு புஷ்ஷின் மேல் போய் முட்டி நின்றுவிடும், மரத்தை நசுக்காது. பாய் டார்ச் அடித்தார். துளையில் புஷ் இல்லை. மரம்தான் இருந்தது, கறுத்து, நசுங்கி, தேன்கூடு மாதிரி.

"எவனோ தூக்கிப் போட்டுட்டான்" என்றார் பாய்.

ஏன் தூக்கிப் போட்டிருப்பான் என்று நான் வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் யோசித்தேன். 134ஆம் நம்பர் பஸ்ஸில் இடம் கிடைக்காமல் கம்பியைப் பிடித்து நிற்கும்போது பிடிபட்டது. மரம் காய்ந்தால் சுருங்கும், இரும்பு சுருங்காது. முன்கட்டை காய்ந்து புஷ்ஷை விடக் கால் மில்லிமீட்டர் குட்டையாகியிருக்கும். அப்போது திருகை முழுக்க முறுக்கினாலும் டிரிகர் கார்டு புஷ்ஷில் முட்டி நிற்கும், மரம் ஆடும். சரியான வைத்தியம் புஷ்ஷைக் கொஞ்சம் அரத்தால் தேய்த்துக் குட்டையாக்குவது. அந்த ஆள் குறுக்கு வழியில் போய்விட்டான். புஷ்ஷை எடுத்துவிட்டால் திருகு நன்றாக இறுகும். அன்றைக்கு ஆட்டம் நின்றிருக்கும், காசும் வாங்கியிருப்பான். அடுத்த வருடம் மரம் நசுங்கி மறுபடி ஆடியிருக்கும், மறுபடி முறுக்கியிருப்பார்கள். இப்படியே எத்தனை வருடமோ. மாமாவின் அப்பா எழுபதுகளில் ஒரு முறை ரிப்பேருக்குக் கொடுத்ததாக மாமாவுக்கு ஞாபகம் இருந்தது, எந்த ஊரில் என்று ஞாபகம் இல்லை. நல்லதாகப் போயிற்று.

அந்த ஆள் இன்னொரு காரியமும் செய்திருந்தான். பின்கட்டையைப் பிடித்திருப்பது உள்ளே நீளமாக ஓடும் ஒரு போல்ட். அதன் நுனி சதுரம். அந்தச் சதுரம் பின்கட்டையைத் தாண்டி, முன்கட்டையின் வாலில் இருக்கும் ஒரு சின்னத் தகட்டின் பள்ளத்தில் போய் உட்காரும், போல்ட் தானாகத் தளராமல் இருக்க. முன்கட்டையைக் கழற்றாமல் பின்னாலிருந்து நீள ஸ்க்ரூடிரைவரை விட்டு அந்த போல்ட்டைத் திருகினால் என்ன ஆகும்? சதுரம் சுழலும். தகடு அகலும். மரம் வாலிலிருந்து முன்னோக்கிப் பிளக்கும். எங்கள் முன்கட்டையில் சரியாக அந்த இடத்தில் ஆறு சென்டிமீட்டர் வெடிப்பு. லீ-என்ஃபீல்டைக் கழற்றுகிறவர்கள் முதலில் முன்கட்டை, அப்புறம்தான் பின்கட்டை.

வேலை என்னவென்று தெரிந்துவிட்டது: வெடிப்பை ஒட்டுவது, நசுங்கிய இடத்தில் புது மரம் வைப்பது, உதை வாங்கும் இடங்களைச் சரிசெய்வது, புது புஷ். ஆனால் முதல் எதிரி எண்ணெய்.

அலமாரியில் ரைபிளைக் குழல் மேலே பார்க்க நிறுத்தி வைத்து, துரு பிடிக்கக் கூடாது என்று ஐம்பது வருடம் எண்ணெய் விட்டிருக்கிறார்கள். எண்ணெய் எங்கே போகும்? கீழே வடியும், இரும்பு மரத்தைத் தொடும் இடத்தில் போய் ஊறும். மரம் வால்நட். நல்ல பழுப்பாக இருக்க வேண்டியது, வாலில் மட்டும் தோசைக்கல் மாதிரி கறுத்திருந்தது. கட்டைவிரலால் அழுத்தினால் பளபளவென்று கசிந்தது. அதில் எந்தப் பசையும் ஒட்டாது.

சாக் பவுடரைத் தின்னரில் குழைத்து, இட்லி மாவுப் பதத்தில் கனமாகப் பூசினேன். தின்னர் ஆவியாகும்போது உள்ளே இருக்கும் எண்ணெயை மேலே இழுக்கும், பவுடர் அதைக் குடிக்கும். வெள்ளையாகப் பூசியது இரண்டு மணி நேரத்தில் மஞ்சளாகி, ஓரங்களில் பழுப்பாகிவிடும். பிரஷ்ஷால் தட்டி எடுத்துவிட்டு மறுபடி பூச வேண்டும். கடையின் மொட்டை மாடியில் வெயிலில் வைத்தால் சீக்கிரம் இழுக்கும், ஆனால் அது ஜூலை. பெங்களூரில் ஜூலை வெயில் என்பது பத்து நிமிடம் வந்து முகம் காட்டிவிட்டுப் போகும் விருந்தாளி. இரண்டு சனிக்கிழமை இதிலேயே போனது. நடுவில் பாய் கட்டையைப் பார்த்து, "முல்தானி மிட்டி போட்ட மாதிரி இருக்கு" என்றார். ஏழாவது பூச்சில்தான் பவுடர் வெள்ளையாகவே காய்ந்தது.

அடுத்து வெடிப்பு. இங்கே நான் ஒரு தப்பு செய்தேன், எழுதித்தான் ஆக வேண்டும். கடையில் கையருகே ஐந்து நிமிடத்தில் இறுகும் எபாக்ஸி இருந்தது. இத்தனை வருட அனுபவம் இருந்தும் அவசரத்தில் அதை எடுத்துவிட்டேன். அது வெடிப்பின் அடி வரை இறங்குவதற்குள் குழைந்து நின்றுவிட்டது. கிளாம்ப் போட்டால் வெடிப்பு மூடவே இல்லை, வாயைத் திறந்தபடி இறுகிவிட்டது. இஸ்திரிப் பெட்டியைச் சூடாக்கி, ஈரத்துணி வைத்து, பசை இளகும் வரை பொறுமையாகச் சூடு காட்டி, கத்தி நுனியால் எல்லாவற்றையும் சுரண்டி எடுக்க ஒரு முழு மதியம் ஆனது. இஸ்திரிப் பெட்டி வீட்டிலிருந்து கொண்டுபோனது. அதன் அடியில் ஏறிய பழுப்புக் கறை என் மனைவியின் வெள்ளைச் சேலைக்குப் போனது தனிக் கதை.

மறுமுறை இருபத்து நாலு மணி நேரம் எடுக்கும் சாதாரண அரால்டைட். கலந்ததை வெந்நீர்க் கிண்ணத்தில் வைத்துக் கொஞ்சம் சூடாக்கினால் எண்ணெய் மாதிரி ஓடும். வெடிப்பை ஒரு ஆப்பால் மயிரளவு திறந்து, மேலிருந்து விட்டு, சைக்கிள் பம்ப்பால் காற்றடித்து உள்ளே தள்ளினேன். அடியில் மறுபக்கம் துளி வந்து எட்டிப் பார்த்ததும் ஆப்பை எடுத்துவிட்டு, பழைய சைக்கிள் டியூபை நாடாவாகக் கிழித்து இழுத்துச் சுற்றினேன். வளைந்த மரத்துக்கு இரும்பு கிளாம்ப்பை விட டியூப் நல்லது, எல்லாப் பக்கமும் ஒரே அழுத்தம் தரும். மறுநாள் குறுக்கே 3 மில்லிமீட்டர் துளை போட்டு, மரை வெட்டிய பித்தளைக் கம்பி ஒன்றைப் பசையோடு இறக்கினேன். மரை இருந்தால் பசைக்குப் பிடி கிடைக்கும். இஷாப்பூர்காரர்களே தங்கள் ராணுவ ரைபிள்களின் முன்கட்டையில் குறுக்காக ஒரு திருகு போட்டிருப்பார்கள், பிளக்காமல் இருக்க. பாய் ஒரு பழைய கட்டையில் காட்டினார். நம்மை முந்திக்கொண்டவர்கள் இருக்கிறார்கள் என்று கொஞ்சம் ஆறுதல்.

நசுங்கிய இடத்துக்கு வால்நட் துண்டு தேவைப்பட்டது. மைசூர் ரோடு டிம்பர் யார்டில் தேக்கு கேட்டால் லாரியோடு தருவார்கள், வால்நட் என்றால் முகத்தைப் பார்த்தார்கள். கடைசியில் ஒரு ஃபர்னிச்சர் பட்டறையில் சாப்பாட்டு மேஜை செய்து மிச்சமான கைப்பிடி அளவு துண்டு 200 ரூபாய்க்குக் கிடைத்தது. நிறம் கொஞ்சம் வேறு. உள்ளே போகிற இடம், யார் பார்க்கப் போகிறார்கள்? ரேகை மட்டும் பழைய மரத்தின் ஓட்டத்திலேயே இருக்க வேண்டும். குறுக்கே வைத்தால் மழைக்காலத்தில் ஒன்று ஒரு பக்கம் ஊதும், இன்னொன்று வேறு பக்கம் ஊதும், ஒட்டு விட்டுவிடும். நசுங்கியதை உளியால் சதுரமாக எடுத்துவிட்டு, துண்டைத் தட்டினால் இறங்கும் அளவுக்குச் சீவி ஒட்டினேன்.

நான் இந்த வேலையில் ரசித்த இடம் அடுத்தது. குண்டு வெடிக்கும்போது இரும்பு பின்னால் உதைக்கிறது. அந்த உதையை முன்கட்டை வாங்குவது மேகசின் குழிக்குப் பின்னால், இடமும் வலமும் இரண்டு சின்ன முகங்களில். ஒவ்வொன்றும் கட்டைவிரல் நகத்தை விடக் கொஞ்சம் பெரிது. இரும்பின் இரண்டு தோள்களும் அங்கே ஒரே நேரத்தில், ஒரே அளவில் முட்ட வேண்டும். ஒரு பக்கம் மட்டும் முட்டினால் உதை முழுக்க அந்தப் பக்கம் விழும், மரம் செதிலாகப் பெயர்ந்து வரும். ஆஸ்திரேலியாவில் லித்கோ தொழிற்சாலை வால்நட் இல்லாமல் அதை விட மென்மையான உள்ளூர் மரத்தில் கட்டை செய்தபோது இந்த இரண்டு முகத்திலும் செம்புத் தகடு வைத்ததற்குக் காரணமும் இந்த உதைதான்.

எங்களுடையதில் வலப்பக்கம் மட்டும் முட்டிக்கொண்டிருந்தது. இடப்பக்கத்தில் ஒரு போஸ்ட்கார்டை நுழைக்கலாம். இரண்டு முகத்தையும் சமமாக வெட்டி, புதுத் துண்டு ஒட்டி, பேட்டர்ன் ஷாப்பில் செய்கிற மாதிரி புளூ போட்டுப் பார்த்தேன். இரும்பின் மேல் மார்க்கிங் புளூவைப் பூ மாதிரி லேசாகத் தடவி, முன்கட்டையை மேலே வைத்துத் தட்டி, எடுத்தால் மரத்தில் எங்கே நீலம் ஒட்டியிருக்கிறதோ அது மேடு. அதை மட்டும் சுரண்ட வேண்டும். உளியால் வெட்டக் கூடாது, கூர்மையான தகட்டால் தூசியாக எடுக்க வேண்டும். மறுபடி வைத்து, தட்டி, எடுத்து, சுரண்டி. முதலில் ஒரு புள்ளி. பத்தாவது முறை நாலைந்து புள்ளி. வலப்பக்கம் சரியானால் இடப்பக்கம் தூக்கும். முப்பது தடவைக்கு மேல் எண்ணுவதை விட்டுவிட்டேன். பாய் இரண்டு முறை டீ வரவழைத்தார். இரண்டாவது டீயை நான் குடிக்க மறந்து, அதில் ஆடை படிந்திருந்தது. கடைசியில் எடுத்தபோது இரண்டு முகத்திலும் ஒரே மாதிரி, மாவு தூவியது போல் நீலம். பாய் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. கடைக்குள் திரும்பிப் போய் புஷ்ஷுக்கு இரும்புக் கம்பி தேட ஆரம்பித்தார்.

புஷ்ஷை அவர் பக்கத்து லேத்தில் கடைந்து வாங்கினார், 350 ரூபாய். வேண்டுமென்றே அரை மில்லிமீட்டர் நீளமாக. போட்டு முறுக்கினால் மரம் ஆடும், கழற்றி அரத்தில் இரண்டு இழுப்பு, மறுபடி போட்டு முறுக்கு. மரம் சரியாகப் பிடிபட்டு, திருகும் புஷ்ஷில் முட்டி நிற்கிற அந்த ஒரு நிலை வரும் வரை. திருகு கடைசியில் 'டக்'கென்று நிற்க வேண்டும். இழுத்துக்கொண்டே போனால் மரம் நசுங்குகிறது என்று அர்த்தம். பாய்க்கு அந்தக் கை வந்திருந்தது. எனக்கு வரவில்லை, நான் முயற்சியும் செய்யவில்லை.

மெருகு பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. அடி வாங்கிய பள்ளங்களை ஈரத்துணி, இஸ்திரிப் பெட்டி வைத்து ஆவியில் எழுப்பினேன் (இம்முறை புது இஸ்திரிப் பெட்டி, கடைக் கணக்கில்). உப்புத்தாளை இரும்பை ஒட்டிய ஓரங்களில் படவே விடவில்லை. அங்கே மரம் இறங்கிவிட்டால் இரும்பு புடைத்துக்கொண்டு தெரியும், பார்த்தவுடன் கைநாட்டு வேலை என்று சொல்லிவிடுவார்கள். பின்கட்டையின் இடப்பக்கத்தில் மாமாவின் அப்பா கன்னம் வைத்து வைத்து வழவழப்பாகியிருந்த இடத்தையும் தொடவில்லை. மேலே வார்னிஷ் வேண்டாம், லின்சீட் ஆயில், அதாவது ஆளிவிதை எண்ணெய்தான். உள்ளங்கையால் சூடேறத் தேய்த்து, மிச்சத்தைத் துடைத்துவிட வேண்டும். ஈரக் காற்றில் ஒரு பூச்சு காய மூன்று நாள் ஆனது. இதில் ஒரு எச்சரிக்கை: துடைத்த துணிகளைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள். லின்சீட் காயும்போது சூடாகும், சுருட்டிய துணி தானாகவே பற்றிக்கொள்ளும். எங்கள் ஃபவுண்டரியில் ஒரு குப்பைத் தொட்டி அப்படித்தான் எரிந்தது. நான் தண்ணீர் வாளியில் போட்டேன்.

ஆகஸ்ட் கடைசியில் மாமாவை வரச் சொன்னோம். பாய் டம்மி ரவுண்டு போட்டு நீட்டினார். மாமா சுவரைப் பார்த்து நின்று, தோளில் வைத்து, விசையைத் தொட்டார். இழுத்தார். நின்றது. அங்கேயே கொஞ்ச நேரம் விரலை வைத்திருந்தார். அப்புறம் லேசாக அழுத்தினார், விட்டது. மறுபடியும் செய்தார். ஐந்தாறு முறை. "நிக்குது" என்றார். அவ்வளவுதான்.

அக்டோபரில் ரேஞ்சில் பத்து ரவுண்டு சுட்டார், நான் போகவில்லை. வந்ததும் பாய் முன்கட்டையைக் கழற்றி எனக்குக் காட்டினார். உதை வாங்கும் இரண்டு முகமும் ஒரே மாதிரி பளபளப்பாகியிருந்தன, செதில் எதுவும் இல்லை.

ஜனவரியில் குளிர்காற்று வீசியபோது மாமாவிடமிருந்து போன். "மாப்பிள்ளே, லேசா ஆடுது." எதிர்பார்த்ததுதான். மழைக்காலத்தில் பொருத்திய மரம் காய்ந்து சுருங்கியிருக்கிறது, ஐம்பது வருடத்துக்கு முன்னால் நடந்த அதே விஷயம். பாய் புஷ்ஷை எடுத்து அரத்தில் ஒரே ஒரு இழுப்பு இழுத்துப் போட்டார். ஆட்டம் நின்றது. விசை மாறவில்லை.

அதோடு மாமா என் கையில் ஒரு துண்டுக் காகிதத்தைக் கொடுத்து எழுதச் சொன்னார். துப்பாக்கி உறையின் உள்பையில் வைக்க. 'முதலில் முன்கட்டையைக் கழற்றவும். பின்கட்டை போல்ட்டை அதற்குப் பிறகுதான் தொடவும். ஆடினால் புஷ்ஷைத் தேய்க்கவும், தூக்கிப் போடாதே.' கடைசி வார்த்தையில் மரியாதை குறைகிறது என்றேன், இருக்கட்டும் என்றார். பாய் அதை வாங்கிப் பார்த்துவிட்டு, கன்னடத்திலும் எழுதி வைக்கச் சொன்னார்.